எல்லோருக்கும் பெல்ஜியம்தான் வேண்டும்

பழைய கண்ணாடிச் சாமான் விற்பவனுக்கு விழும் திட்டைவிட, அது எந்த ஊர்ச் சாமான் என்று சொல்பவனுக்கு விழும் திட்டுதான் அதிகம். நான் இரண்டையும் செய்கிறேன். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் கடை. நிறக் கண்ணாடியில் எனாமல் பூ வரைந்து, வாயோரம் தங்கக் கோடு இழுத்த ஜாடி, கூஜா, டம்ளர் எல்லாம் என்னிடம் வரும். 'பாய், இது எந்த நாடு?' என்று கேட்பார்கள். கேட்பதோடு சரி, பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை பாடிய பாட்டுக்கு அபிப்பிராயம் சொல்ல நேர்ந்தவர்களுக்கு என் வேதனை புரியும்.

'அந்த பாய் வாயில் பொய் வராது' என்ற பேர்தான் என் கடைக்கு முதல். அந்தப் பேரை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பது நத்தரின் கவலை. நத்தர் என் மனைவியின் தம்பி, கடையில் கூட இருப்பவன். உண்மையைச் சொல்லி நான் ஓர் ஆளை அனுப்பிவைக்கும்போதெல்லாம் அவன் பெருமூச்சு விடுவான்.

கோடு சொன்ன சாட்சி

கப்பலூரில் பிளாஸ்டிக் மூடிக்கு அச்சு செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் ரோஸ் நிறக் கூஜா கொண்டுவந்தார். பெல்ஜியம் என்று சொல்லித்தான் மேசையில் வைத்தார். உருப்பெருக்கியைக் கையில் கொடுத்துப் பூவைப் பார்க்கச் சொன்னேன். தூரிகை பட்ட தடமே இல்லை, எல்லாம் பொடிப் பொடிப் புள்ளி. அச்சடித்த படத்தை ஒட்டிச் சுட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக, கண்ணாடியை வார்த்த அச்சின் இணைப்புக் கோடு வேறு. ஆக்ராவுக்குப் பக்கத்தில் பிரோசாபாத் என்று ஓர் ஊர், வளையலுக்குப் பேர்போனது, அங்கே செய்தது என்றேன்.

அச்சு வேலை அவருக்கு அத்துப்படி. கோட்டை நகத்தால் தடவினார். முகம் கொஞ்சம் வாடியது. சரி, மனிதர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்ட நேரத்தில் கூஜாவைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பெல்ஜியத்துக்காரனும் எங்கள மாதிரி ஆர்டர் அவசரத்துல பண்ணியிருப்பான் பாய், பாவம்."

குளிப்பாட்டிய ஜாடி

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா, சிவப்பு ஜாடி. முதலில் போனில் படம் அனுப்பியிருந்தார்கள். கொடி, இலை, வெள்ளைப் பூ, பூவுக்கு நடுவே தங்கப் பொட்டு என்று பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. நேரில் கொண்டு வாருங்கள் என்றேன். வந்தது. வழவழவென்று சிவப்பாக இருந்தது, பூ இல்லை.

பொங்கலுக்குப் பித்தளையைத் துலக்குகிற மாதிரி புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். பெரிய மனுஷன் கடைக்கு அழுக்காகக் கொண்டுவரக் கூடாதாம், எனக்குச் செய்த மரியாதையாம். ஜாடியின் மேல் வாயால் ஊதினேன். மூச்சு படிந்த இடத்தில் கொடியும் இலையும் ஒரு நொடி நிழலாகத் தெரிந்து மறைந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா என்னைத் தேற்றினார்கள்: "லேசா கறை நிக்கிது போல. இன்னொரு வாட்டி தேச்சா அதுவும் போயிரும், நீங்க வெசனப்படாதீங்க."

அக்கா பேர்

இது சின்னது. பச்சைக் கிண்ணம் ஒன்று, அடியில் வட்ட முத்திரை. முத்திரை இருந்தால் என் வேலை மிச்சம். ஆனால் கிண்ணம் கல்யாணச் சீரில் வந்தது. சீர்ப் பாத்திரம் என்றால் பேர் வெட்டாமல் விடுவோமா? பாத்திரக் கடைக்காரர் மிஷினை வைத்து நாட்டின் பேர் இருந்த இடத்தை நன்றாகச் சுரண்டிவிட்டு முத்துலட்சுமி என்று வெட்டியிருந்தார். மேலே 'மேட் இன்' மட்டும் மிச்சம். கொண்டுவந்த தம்பியிடம் என் துக்கத்தைச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார்: "எந்த நாடா இருந்தா என்ன பாய், இப்ப எங்க அக்காவோடது."

பன்னீர்ச் செம்பு

சோழவந்தானிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம், அம்மா இறந்து பாகம் பிரிக்கிறார்கள். வயல், வீடு எல்லாம் சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. வழக்கு ஒரு நீலக் கண்ணாடிப் பன்னீர்ச் செம்பில் வந்து நின்றது. ரங்கூனில் வேலை பார்த்த தாத்தா அம்மாவுக்குச் சீராக அனுப்பியது, அம்மா சீர் மகளுக்குத்தான் என்கிறார் தங்கை. இல்லை, அப்பா சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கியது, வீட்டோடு சேர்ந்தது என்கிறார் அண்ணன். வெளிநாடு என்றால் தங்கைக்கு, உள்நாடு என்றால் அண்ணனுக்கு என்று தாய்மாமன் தீர்ப்புச் சொல்லி என்னிடம் அனுப்பியிருக்கிறார். தங்கை மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அம்மாவின் செம்பால் வாசலில் பன்னீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

என்னிடம் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது அண்ணனாம். எதைக் கொடுத்தாலும் பிரோசாபாத் என்று சொல்கிற ஆள் என்று என்னைப்பற்றி விசாரித்திருக்கிறார்.

செம்பைத் திருப்பினேன். ஒரு பூப்போல இன்னொரு பூ இல்லை, எல்லாம் கையால் வரைந்தது. எனாமல் விரலுக்குத் தட்டுப்பட்டது. கண்ணாடியை ஊதும் குழலிலிருந்து முறித்த அடிப்பாகத்தைச் சாணை பிடித்து வழவழப்பாக்கியிருந்தார்கள். ஓரத்தில் வரைந்தவர் தூரிகையால் போட்ட சின்ன எண். சந்தேகமே இல்லை. செக் நாட்டில் பொஹீமியா பக்கம் செய்தது என்றேன். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அண்ணன் அசரவில்லை. "தாத்தா அனுப்புனது பெல்ஜியம்னுதான பாய் அம்மா சொல்லும்? இது வேற என்னமோ நாடுங்கிறீங்க. அப்ப அம்மா சொன்ன செம்பு இது இல்லைல?"

தங்கைக்கு முகம் செத்துப்போனது. "ஆமா, அம்மா பெல்ஜியம்னுதான் சொல்லும்" என்றார் மெதுவாக. பொய் சொல்லத் தெரியாத பெண், என்னைப்போல. நத்தர் கல்லாவிலிருந்து என்னையே பார்த்தான்.

"அந்தக் காலத்துல ரங்கூன் கடையில, கப்பல்ல வந்த பூப்போட்ட கண்ணாடி அம்புட்டுக்கும் பெல்ஜியம்னுதான் பேரு" என்றேன். இதுவும் உண்மைதான். ஆனால் வாயைத் திறந்து பெல்ஜியம் என்று நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. "உங்க அம்மா சொன்னது இதைத்தான் தங்கச்சி. எடுத்துட்டுப் போங்க."

அவர் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அண்ணன் பின்னால் போனார். நத்தர் நிம்மதியாக மூச்சு விட்டான்: "இந்த வார்த்தைய மொதல்லயே சொல்லிப் பழகியிருந்தா நமக்கு மாடி வீடே இருந்திருக்கும் மச்சான்."

எதைக் கொடுத்தாலும் பெல்ஜியம் என்று சொல்கிற பொய்க்கார பாய் என்று அந்த அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம், கடையில் இப்போது நல்ல கூட்டம்.