தையல் மிஷினுக்கு ஒரு வெளிச்ச அறை

இருபத்தாறு வருஷம் எங்கள் வீட்டில் பகலில் தையல் மிஷின் ஓடியதில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் ரவிக்கை நான் தைத்ததுதான். என் வீட்டுக்காரருக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மெயின்டனன்ஸ் பிட்டர். எப்போதும் இரவு ஷிப்ட். எந்த மிஷின் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அது மறுபடி ஓடும் வரை இவர் உட்கார முடியாது. காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்குப் படுத்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும், மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நூல் அறுந்தது. நிறுத்திவிட்டு ஊசியில் கோத்துக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணைக் கசக்கியபடி வந்து அறை வாசலில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் மிஷினையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ராத்திரியெல்லாம் உழைத்துவிட்டு வந்த மனுஷனின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அன்றைக்கு மிஷினை மூடியவள்தான்.

அதன்பிறகு வீடே இருட்டாகிப் போனது. அவர் படுக்கும் அறைக்கு ஒரே ஜன்னல், கிழக்கே காலி மனையைப் பார்த்து. கூடத்துக்கும் வெளிச்சம் அது வழியாகத்தான். முதலில் கம்பெனி அட்டைப்பெட்டியைப் பிரித்து அதை அடைத்தேன். பிறகு கண்ணாடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தோம். கடைசியில் காற்றில் ஆடுகிறதென்று அவரே ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டார். காலிங் பெல்லைக் கழற்றினோம். பட்டப்பகலில் ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு ஹுக் கட்டுவேன், ஹெம்மிங் செய்வேன். மிஷின் வேலையெல்லாம் அவர் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகுதான். ட்யூப் லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான். பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த மெரூன் ரவிக்கையைக் காப்பிக் கலர் நூலில் முழுக்கத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டு வாசலில் வெயிலில் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்த அம்மா சண்டை போடவில்லை. அடுத்த ரவிக்கையை வேறு இடத்தில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் ரிட்டையர் ஆனார். அவர் உடம்பு ரிட்டையர் ஆகவில்லை. ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பார். விடிந்ததும் அந்த இருட்டறைக்குள் போய்த் தூங்குவார். நானும் மிஷினுக்கு உறையைப் போட்டபடியே காத்திருந்தேன். ஒரு வருஷம் ஓடியது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிற வயது. இன்னும் எத்தனை நாள் கண்ணும் காலும் ஒத்துழைக்கும்? அதற்குள் ஒரு தடவையாவது சொந்த வீட்டில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையை முழுசாகத் தைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அற்ப ஆசைக்கு அழுகிறோமே என்று என் மேலேயே கோபமும் வந்தது.

நாவலூரில் ஐடி வேலை பார்க்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். மேற்கே, சமையலறைக்குப் பின்னால் கொல்லையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி சும்மாதானே கிடக்கிறது, துவைக்கிற கல்லையும் உடைந்த பக்கெட்டுகளையும் எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டு மூடினால் எப்படி என்று அவளிடம் கேட்டேன். அவள் போனில் ஒரு படம் காட்டினாள். ஏதோ வெளிநாட்டு வீடு. சுற்றிலும் கண்ணாடி, உள்ளே பிரம்பு நாற்காலி, வெளியே ஒரே பனி. "சூப்பரா இருக்கும்மா, போட்டுடு" என்றாள். நான் நாற்காலியைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன். பனியைக் கவனிக்கவில்லை.

அவர் காதில் விழுந்ததும் தட்டில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாது, கண்ணாடி ரூமா? வெயில வெத்தல பாக்கு வச்சி வூட்டுக்குள்ள கூப்புடப் போறியா?"

"ஆமா. இருவத்தாறு வருஷமா இருட்டுக்கு வெத்தல பாக்கு வச்சாச்சு. இப்ப வெயிலுக்கு வைக்கிறேன்."

அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அவர் வேண்டாம் என்று சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொள்ள எனக்கு எப்போதோ பழகிவிட்டது.

அலுமினிய வேலை செய்பவர் வந்து அளந்தார். மேலே தகர ஷீட்டா என்றார். இல்லை, வெளிச்சம் உள்ளே வருகிற ஷீட் என்றேன். அளவு டேப்பைச் சுருட்டியபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அல்லாரும் வெயிலு வரக்கூடாதுன்னு ஷீட் போட சொல்லுவாங்கோ. வெயிலு வரணும்னு கேக்குற மொத ஆளு நீதான்க்கா."

"அப்ப மொதல்ல எனக்குப் போட்டுக் குடு" என்றேன்.

மூன்று வாரத்தில் முடிந்தது. மூன்று பக்கமும் தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னல், கொசுவுக்கு வலை, குரங்குக்குக் கம்பி. மிஷினை நானும் மகளும் இழுத்துக்கொண்டு போய் நடுவில் வைத்தோம். தையல்காரியாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் நூல்கண்டுகளின் நிறத்தைப் பார்த்தேன். பச்சையிலேயே எட்டுப் பச்சை இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது சித்திரை மாதம். அந்தச் சந்தோஷம் ஒரே ஒரு காலைதான். காலையில் எனக்குச் சமையல், தண்ணீர், துணி. உட்கார நேரம் கிடைப்பது மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான். அந்த நேரத்துக்கு மேற்கு வெயில் கண்ணாடி வழியாக நேராக உள்ளே இறங்கியது. ஜன்னலெல்லாம் திறந்தும் ஒரு இலை அசைகிற காற்று இல்லை. மிஷினின் இரும்பைத் தொட்டால் சுட்டது. துணியில் என் வியர்வை சொட்டியது. பின்வீட்டுக்காரி கொல்லைச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, உள்ள வடாம் காயுதா, நீ காயுறியா?" என்று கேட்டாள். சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. தோற்றுப்போனேன் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் பிடிவாதமாக உட்கார்ந்தேன். அவர் தூங்குகிறாரே என்று மிஷினையும் ஓட்டவில்லை. சும்மா உட்கார்ந்து வெந்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், சமையலறைப் பின்வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கேலி செய்வார் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் கேலி செய்யவில்லை. என் நூல்கண்டிலிருந்து ஒரு முழம் நூலை அறுத்து, நுனியைக் கதவுச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். நூல் அசையாமல் தொங்கியது.

"காத்து வெளிய போவ வழி வச்சிக்கிற. உள்ள வர்றதுக்கு வழி எங்க கீது? மூணு மணிக்கு மேல கெழக்கேருந்து கடல் காத்து வந்துகினுதான் கீது. வூட்டுக்குள்ள எப்டி வரும்?"

இன்னொரு நூலை அறுத்துப் பிடித்தபடியே வீட்டுக்குள் நடந்தார். சமையலறையில் நிறுத்திப் பார்த்தார், கூடத்தில் நிறுத்திப் பார்த்தார். எங்கேயும் ஆடவில்லை. கடைசியில் தன் இருட்டறைக்குள் போய், அட்டையும் கறுப்புப் பெயின்ட்டுமாக இருந்த அந்தக் கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் நின்றார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்த இருட்டுதான் அவருக்குத் தூக்கம். அதைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? நான் கேட்டிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

அவரே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். துருப்பிடித்த ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கிறீச்சென்று கத்திக்கொண்டு கழன்றது. அட்டையைப் பிய்த்து எறிந்தார். ஜன்னலைத் தோளால் முட்டினார். இரண்டாவது முட்டில் திறந்துகொண்டது.

காற்று வந்தது பாருங்கள்! காலண்டர் சுவரில் அடித்தது, கூடத்தில் பேப்பர் பறந்தது, சமையலறைக் கதவு படாரென்று சாத்தி மறுபடி திறந்தது. நான் கண்ணாடி அறைக்கு ஓடினேன். பின்வாசல் சட்டத்தில் அவர் கட்டிய நூல் இப்போது தொங்கவில்லை. அது மேற்கே பார்த்து நேராக நின்றது. கழுத்து வியர்வை குளிர்ந்தது. நான் கத்தினேன். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் கத்தாத கத்தலை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். "வா, வா, வந்து பாரு!" பின்வீட்டுக்காரியையும் கூப்பிட்டேன்.

மறுநாள் அவர் நர்சரியில் போடுகிற பச்சை வலையை வாங்கிவந்து கூரைக்கு மேல் கட்டினார். உச்சி வெயிலில் இன்னும் அங்கே உட்கார முடியாதுதான். மூன்று மணிக்கு மேல் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. படுக்கையறை வெளிச்சமாகிவிட்டதால் அவருக்கு இனி அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். மடக்குக் கட்டிலைத் தூக்கிவந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மெரூன் ரவிக்கை அம்மா போன மாதம் வந்தாள். இளைய மகளுக்குக் கல்யாணமாம். அதே மெரூன். நாலு நூல்கண்டைத் துணியின் மேல் வைத்து, வெளிச்சத்தில் அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்கும்படி மைக் வைத்துச் சொல்லியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு திருப்தி எனக்கு.

அன்று சாயந்திரமே அதை எடுத்தேன். அவர் கட்டிலில் லேசாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி மெதுவாக மிதித்தேன். அவர் அசையவில்லை. வேகம் எடுத்தேன். குறட்டை கேட்டது. ஒரு கை முடிந்து அடுத்த கை வைக்கும்போது நூல் அறுந்தது. மிஷின் நின்றது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, கால் மட்டும் கீழே செருப்பைத் தேடியது.

"இன்னா, மிஷின் நின்னுடுச்சா?"

"நூலுதான் அறுந்துச்சு. படு."

"ஓடிக்கினு இருந்தா நல்லா தூக்கம் வருது. நின்னாதான் முழிப்பு வந்துடுது. எனுக்கு எப்பவுமே அப்டித்தான்" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது. கல்யாணமான புதிதில், அந்தப் பதினோரு மணிக்கும் நூல்தான் அறுந்திருந்தது. சத்தம் போடாதே என்று சொல்ல அவர் வரவில்லை. சத்தம் நின்றுவிட்டதே என்று வந்தவர். அவரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் பிடித்து நாலு அறை விடலாம் போலக் கோபம் வந்தது. கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். "இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்றார். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன்.

வெளிச்சத்துக்கு நேராக ஊசியைப் பிடித்து, கண்ணாடி இல்லாமலே ஒரே தடவையில் நூலைக் கோத்தேன். மிஷினை முழு வேகத்தில் மிதித்தேன். கை வைத்து முடிப்பதற்குள் அவர் தூங்கிப்போயிருந்தார்.