மாமா குதித்துப் பார்த்த மெத்தை

என் அக்காவின் கணவர் சோபா தைப்பவர். முப்பத்தோரு வருடமாக ஊரில் பாதிப் பேர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவது அவர் புண்ணியத்தில்தான். அந்தக் கடையில் துணியும் ஃபோமும் வெட்டிக் கொடுப்பது அவர் கொழுந்தியாளான நான். மாமாவைப் போல நல்ல மனிதரைப் பார்ப்பது அரிது. அவரைப் போல பயந்தாங்கொள்ளியைப் பார்ப்பதும் அரிது.

பயமெல்லாம் ஒரே மகள் விஷயத்தில்தான். அவளுக்கு இருபத்தாறு வயது, மருந்துக் கம்பெனியில் வேலை. வீட்டில் இன்னும் பாப்பாதான். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றதும் மாமாவுக்குத் தலைசுற்றல் வந்தது. கல்லூரியில் நான்கு நாள் பயணம் என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு வாயு என்றார். தோழியின் கல்யாணத்துக்கு அவள் பெட்டி கட்டிய அன்று இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நடிப்பு என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வலி நிஜமாகவே வரும், பயணம் நின்றதும் நிஜமாகவே போய்விடும். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

பாப்பா இரண்டு வருடமாக, வேலை முடிந்ததும் ஒரு கூடத்துக்குப் போய்ப் போலிப் பாறைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. இப்போது கூட்டாளிகளோடு சேர்ந்து உண்மையான கருங்கல் பாறைக்குத் திட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை கிளம்பி, மூன்று இரவு கூடாரத்தில் தங்கி, திங்கட்கிழமை வருவது. ஆளுயரம், இரண்டாள் உயரப் பாறைகளில் கயிறு இல்லாமல் ஏறுவார்களாம். விழுந்தால் கீழே மெத்தை இருக்குமாம்.

திட்டம் முழுக்க எங்கள் வெட்டு மேஜையில்தான் நடந்தது. காலையில் எந்தப் பாறையில் நிழல் விழும், குடிநீர் எத்தனை கேன், மழை வந்தால் பாறை காய எவ்வளவு நேரம், அடுப்பு யார் பொறுப்பு என்று ஃபோம் துண்டுகளைப் பாறைகளாக அடுக்கி வைத்து விளக்கினாள். மாமா வாய் பிளந்து கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது எங்கே வலிக்கப் போகிறதோ என்று.

அன்று அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

“அப்பா, எங்ககிட்ட ரெண்டு மெத்தைதான் இருக்கு. இன்னொண்ணு தெச்சுத் தருவீங்களா?”

அவ்வளவுதான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. “இந்தத் தடவ அவளை அனுப்பியே தீருவேன், பாத்துக்கோ,” என்று என்னிடம் அடித்துச் சொன்னார். வந்த சோபாக்களை ஓரங்கட்டிவிட்டு நான்கு நாள் அந்த மெத்தையோடே கிடந்தார். தோளில் மாட்டப் பட்டை, நடுவில் மடிப்பு, மூலைக்கு மூலை இரட்டைத் தையல்.

காகிதத்தில் ஓர் இடத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்தது. கெட்டி ஃபோம் மேலே, மெதுவான ஃபோம் கீழே என்று எழுதியிருந்தாள்.

“பாப்பா தலைகீழா எழுதிட்டா பாரு. கெட்டியில விழுந்தா எலும்பு என்னத்துக்கு ஆகும்? நீ மெதுவானத மேல வெட்டு.”

நானும் வெட்டினேன். சோபாவுக்கு அப்படித்தானே வெட்டிப் பழக்கம்? அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் தொழிலில் எங்களுக்கே சந்தேகமா என்ற திமிர்.

புதன்கிழமை மத்தியானம் மெத்தை முடிந்தது. தரையில் விரித்துவிட்டு, மாமா செருப்பைக் கழற்றி வெட்டு மேஜை மேல் ஏறினார்.

“மாமா, இறங்குங்க. உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா?”

“எம்பொண்ணு விழப்போற மெத்த. நான் விழுந்து பாக்காம எப்படிக் குடுக்கிறது?”

குதித்தார். மெதுவான ஃபோமில் கால் பொதக்கென்று புதைந்தது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, புதைந்த கால் அப்படியே திருகிக்கொண்டது. கணுக்காலில் எலும்பு விரிசல் விட்ட சத்தம் எனக்கே கேட்டது. வலியில் அவர் முதலில் சொன்னது அம்மா என்றல்ல. “ஐயோ, இப்ப பாத்தா இப்படி ஆகணும்?” என்றார்.

கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“நெஞ்சு ஆச்சு, இடுப்பு ஆச்சு, இந்தத் தடவ காலா?”

“ஏய், சத்தியமா வேணும்னு பண்ணலடி! நீயாவது சொல்லேன்,” என்று என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், மெத்தையை, ஃபோமை, குதித்ததை, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஜோடித்த கதை மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் பாப்பா வேலையிலிருந்து வந்தாள். அப்பா காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு, நான் கடையிலிருந்து தூக்கி வந்திருந்த மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

“மேல கெட்டி வரணும்ப்பா. இல்லன்னா கால் உள்ள போய்த் திருகிக்கும். அதான் எழுதியிருந்தேன்.”

“பிரிச்சு மாத்திடறேன்மா. உக்காந்தே தெச்சிடுவேன், இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கு. நீ போயிட்டு வா.”

“முதல்ல கால் சரியாகட்டும்ப்பா.”

“எனக்கு ஒண்ணும் இல்ல! அம்மா இருக்கா, சித்தி இருக்கா. நீ போகலன்னா நான் உன்னத் தடுக்கத்தான் விழுந்தேன்னு ஆயிடும். இந்தத் தடவ நான் நெஜமாவே அனுப்பணும்னுதான்மா…”

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் துளியும் இல்லை. திட்டினால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

“நீங்க ஒண்ணும் கெடுக்கலப்பா. நான் போறதாவே இல்ல.”

“என்னம்மா சொல்ற?”

“ஆபீஸ்ல நான் லீவே கேக்கல. கிளம்பற நேரத்துல உங்களுக்கு ஏதாவது ஆகும்னு தெரியும். அதனால எப்பவும் திட்டம் மட்டும் போட்டுக் குடுத்துடுவேன், கூட்டாளிங்க போயிட்டு வருவாங்க. மெத்தையும் அவங்களுக்குத்தான் கேட்டேன். எனக்கு அதுவே போதும்னு பழகிடுச்சுப்பா.”

மாமா என்னைப் பார்த்தார். அவள் அவருடைய காலை மெல்லத் தூக்கி, அடியில் இன்னொரு தலையணையை வைத்துவிட்டு, மாத்திரைக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.