படம் இருக்கும் பெயர்கள்

நான் எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராமால் ஒரு பெண்ணின் வேலை போனது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன்.

ரத்த டெஸ்ட்டும் எடுக்கும் ஒரு ஸ்கேன் சென்டரின் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அலமாரி முழுக்கப் பிலிம் உறைகள். தேடினால் எதுவும் கிடைப்பதில்லை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார். நோயாளியின் பெயர், வயது, ஊர், ஸ்கேன் படம் அத்தனையையும் டேட்டாபேஸில் ஒரே டேபிளில், அதாவது ஒரே அட்டவணையில், வைத்தேன். ஆள் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பிரிந்து தொலையாது என்பதில் எனக்குப் பெருமை. இருபது பேரை ஏற்றிக் காட்டியபோது பெயரைத் தட்டியதும் விவரம் உடனே வந்தது. டாக்டர் கை கொடுத்தார்.

கவுன்டரில் ஒரு அக்கா இருந்தார். கணவர் இறந்துவிட்டார், செம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். அவர் தட்டும் வேகத்தை நானே நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்தன. பெயரைத் தட்டினால் மூன்று நிமிடம் திரை அசையாமல் நின்றது. வரிசை வாசலைத் தாண்டியது. வயிற்று வலியோடு வந்த ஒரு பெரியவர் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட, அவருடைய மகன் அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினான்.

என்னை வரச் சொன்னார்கள். அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்: “தம்பி, ரத்த டெஸ்ட்டுக்கு மட்டும் வந்தவங்க பேரு ஒடனே வந்துருது. ஸ்கேன் படம் இருக்குறவங்க பேருதான் இம்புட்டு நேரம் நிக்குது. ஒரே பேருல நெறைய பேரு இருந்தா இன்னும் மோசம்.”

நான் சிரித்தேன். கவுன்டரில் இருப்பவர் எனக்குக் காரணம் சொல்வதா என்ற எண்ணம்தான். “அதெல்லாம் இல்லக்கா. நீங்க பொறுக்காம ரெண்டு தடவ தட்டிர்றீங்க, அதான் மாட்டிக்குது” என்றேன். டாக்டர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அடுத்த மாதம் போனபோது கவுன்டரில் வேறொரு பெண் இருந்தாள். அக்காவை நிறுத்திவிட்டார்களாம். திரை அப்போதும் அப்படியேதான் நின்றது.

அன்றுதான் என் புரோகிராமைத் திறந்து ஒழுங்காகப் படித்தேன். ஒரே பெயரில் நாற்பது பேர் இருந்தால், அந்த நாற்பது வரிகளைக் காட்டுவதற்காக நாற்பது படங்களையும் முழுதாக இழுத்து வரும்படி எழுதியிருந்தேன். திரையில் அந்தப் படங்களில் ஒன்றுகூடத் தெரியப்போவதில்லை. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. முதலில் பெயரும் வயதும் ஊரும் மட்டும் வரட்டும், ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு அவருடைய படம் மட்டும், அதுவும் துண்டு துண்டாக வரட்டும் என்று மாற்றினேன். ஒரு மத்தியான வேலை. கண் இமைக்குமுன் பட்டியல் வந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். “ஆள மாத்துனதும் சரியாயிருச்சு பாத்தீங்களா” என்றார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுவதாகச் சொன்னார். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, கால் வீங்கியிருந்தது. பிறகு அவரே கேட்டார்.

“இப்ப பேரெல்லாம் சீக்கிரம் வருதா தம்பி?”

“வருதுக்கா. நீங்க சொன்ன காரணந்தான் சரி. தப்பு என்னோடது.”

அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. “டாக்டர்ட்ட சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். செம்பட்டி வழியாகப் போகும் பஸ் வந்ததும் கூட்டத்தோடு ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று சென்டருக்குப் போயிருந்தேன். டாக்டர் அறையில் தனியாகத்தான் இருந்தார், டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.