பெட்டிக்குள் இருந்த விரல்

என் அண்ணியைத் தெருவில் பசைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த மழைக்கோட்டு, காற்று நிற்காத நீச்சல் வளையம், ஒழுகுகிற வெந்நீர்ப்பை என்று மெத்தென்ற பிளாஸ்டிக்கில் எது போனாலும் அவர் கைக்கு வந்துவிடும். என் அம்மா படுக்கையில் கிடந்தபோது காற்று மெத்தை கிழிந்தது. கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னார். அண்ணி நாலு நாள் அதனோடு மல்லுக்கட்டி ஒட்டிவிட்டார். அன்று பிடித்த வேலையைப் பதினாறு வருஷமாக விடவில்லை. சமையலறை ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு விளக்கு. அதுதான் பட்டறை.

யாருடையது என்று மட்டும் கேட்கவே மாட்டார். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகலாம். ஒட்டியதும் அங்கேயே இருக்கும். "எது கிழிஞ்சதுன்னு தெரிஞ்சா போதும். யாருதுன்னு எனக்கெதுக்கு?" என்பார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அண்ணி கடைக்குப் போயிருந்தார். ஜன்னலில் ஒரு சோப்புப் பெட்டி. மேலே ஒரு சீட்டு: 'திங்கள் காலைக்குள் வேண்டும். தயவுசெய்து.' திறந்தேன்.

உள்ளே ஒரு விரல்.

நகம், மடிப்பு, ரேகை எல்லாம் இருந்தது. ஆண்டவா, எந்தப் பாவி யாரை வெட்டினானோ! பெட்டியைக் கை தவறவிட்டேன். விரல் உருண்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விட்டது. துடைப்பத்தால் தள்ளி எடுத்துப் பார்த்தால் ரத்தம் இல்லை. தொட்டால் ரப்பர் மாதிரி. உள்ளே வெறும் கூடு. விரல் இழந்த யாரோ மாட்டிக்கொள்கிற உறை. அடிப்பக்கம் கிழிந்திருந்தது.

பயம் போய் இரக்கம் வந்தது. அதுதான் வினையாகிவிட்டது. உதவுகிறேன் பேர்வழி என்று, செருப்பு ஒட்ட வைத்திருந்த பசையைக் கிழிசலில் பிழிந்து அழுத்தினேன். நொடியில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை.

அண்ணி வந்ததும் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எதை வச்சு ஒட்டினே?"

"செருப்புப் பசைதான் அண்ணி."

"அடிப்பாவி! இது சிலிக்கான்டி. அந்தப் பசை இதுல பிடிக்காது. பிடிச்ச மாதிரி நடிக்கும்."

விரலை லேசாக வளைத்தார். சடக்கென்று பசை பொருக்காகக் கழன்று, தோல் நிறத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. கிழிசல் நகம் வரைக்கும் போய்விட்டது.

"நாத்தனார்னா என்னைத்தான் கிழிப்பாங்கன்னு நினைச்சேன். நீ ஊரார் விரலையும் கிழிக்கிறே!" என்றார். சிரிக்கவில்லை.

பிளேடால் பொருக்கைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, உறைக்குள் ஒரு பென்சிலைச் செருகினார். தொட்டி விளிம்பில் தண்ணீர் கசியாமல் பூசுவார்களே, காடி மாதிரி புளித்த நாற்றம் அடிக்கிற சிலிக்கான் பசை, அதை மெல்லியதாகத் தடவி நூலால் சுற்றினார். "ஒரு நாள் முழுசா காயணும். நீ அந்தப் பக்கம் மூச்சுகூட விடாதே."

சொன்னால் சிரிப்பீர்கள், ஞாயிறு முழுவதும் நான் ஒரு விரலுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் விரலுக்குச் சொந்தக்காரரே வந்தார். பார்த்ததும் மறுபடியும் திடுக்கென்றது. தபால் நிலையத்துக் கவுண்டர் அம்மா! எத்தனை வருஷமாக அவர் கையிலிருந்து ரசீது வாங்கியிருக்கிறேன்! இடது கையைக் கைப்பைக்குள் விட்டிருந்தார்.

அண்ணி நூலைப் பிரித்தார். இழுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். ஒட்டு அசையவில்லை. ஆனால் நிறம் உரிந்த இடம் மட்டும் அடியிலிருந்து நகம் வரை வெளுத்துத் தெரிந்தது.

"நான்தான் கெடுத்தேன், மன்னிச்சிருங்கம்மா," என்றேன்.

அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சின்ன வயசுல கதவிடுக்குல போன விரல். பதினோரு வருஷமா அந்த ஆபீஸ்ல இருக்கேன். பக்கத்து சீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நாளைக்கு எல்லார் கண்ணும் இங்கதான் நிக்கும். லீவு போட்டா எத்தனை நாளுக்குப் போடறது?"

அண்ணி அலமாரியிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் நாடாவை எடுத்து, அந்த வெளுப்பின் மேல் அடியிலிருந்து நகம் வரை சுற்றினார்.

"காய் நறுக்கையில வெட்டிக்கிட்டேன்னு சொல்லுங்க. புது உறை வர்ற வரைக்கும் ஆறாத காயம்."

அந்த அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் நீர் நிற்கிறபோதே சிரிப்பு வந்துவிட்டது. "இல்லாத விரலுக்குக் கட்டா!" என்றார்.

பொய்தான். கடவுள் பொறுத்துக்கொள்வார்.

திங்களன்று மனசு கேட்காமல் தபால் நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா விரல்ல? ஆழமா வெட்டிருச்சா?"

"ஆமாங்கய்யா, கத்தி நழுவிருச்சு."

"வலிக்குதா?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றம் இல்லை. முத்திரையைத் தட்டி, "அடுத்து?" என்றார். நான் எதற்கு வரிசையில் நின்றேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.