மேல் வரிசையில் இரண்டு பற்கள்

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பதற்கு முன், அவர் கோட்டுப் பையிலிருந்து தன் கிளாரினெட்டின் முனையை எடுத்து என் கருவித் தட்டில் வைத்தார். வாயில் கவ்வும் அந்தக் கறுப்புத் துண்டின் மேற்புறத்தில் அருகருகே இரண்டு சிறு பள்ளங்கள். பல வருடங்களாக அவருடைய முன்பற்கள் ஊன்றி ஊன்றி விழுந்தவை. "டொக்டர் தம்பி, முதல்ல இதைப் பாரும். பிறகு வாயைப் பார்க்கலாம்" என்றார். லண்டன் டூட்டிங்கில் பல் மருத்துவனாக இருக்கும் எனக்கு, அப்போது வாயைத் தவிர வேறெதையும் பார்க்கும் பழக்கமில்லை. முனையை ஓரமாக நகர்த்திவிட்டு விளக்கை இறக்கினேன்.

எல்லோரையும் போல நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பாண்டில் கிளாரினெட் பழகியவர். லண்டனில் பஸ் ஓட்டினார். ஞாயிறுகளில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் சிலரோடு சேர்ந்து பழைய ஜாஸ் வாசித்தார். டிரம்பெட்டும் டிரோம்போனும் வீதி அதிரப் போகும் ஊர்வலங்களில், அத்தனை பித்தளைக்கும் நடுவே மரக்குழல் அவருடையது ஒன்றுதான். மற்றவர்கள் மெட்டைப் பிடித்துக்கொண்டு நேரே நடக்க, இவர் அதன்மேல் ஏறி, வளைந்து, இறங்கி வருவார். நம்மவர்களின் கலியாணங்களில் அவரை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. பஸ் டிரைவர்தானே என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

முன்பற்கள் இரண்டும் ஆடின. எடுத்தே ஆகவேண்டும் என்றேன். "இது ரெண்டும் போனா நான் ஊத ஏலாது தம்பி. ஊதாமல் வீட்டில இருந்து என்ன செய்யிறது?" என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, புதுப்பல் கட்டினால் சரி என்று பெரிய மனிதன் போலச் சொல்லிவிட்டேன்.

ஆடியவற்றை எடுத்துவிட்டு, நேராக, வெள்ளையாக, கழற்றி மாட்டும்படி செய்து கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "நல்ல வடிவு. ஆனா முனை நிக்குதில்லை, வழுக்குது. ஊதினாக் கீச்சிடுது." அவருடைய சொந்தப் பற்கள் அந்த முனைக்கு ஏற்பச் சரிந்து தேய்ந்திருந்தன. நான் அளவெடுத்தது முகத்துக்கு. இரண்டு தடவை ராவிப் பார்த்தேன், சரிவரவில்லை. பழகினால் சரிவரும் என்றேன். "ஓம்" என்று போனவர் அதற்குப் பிறகு வரவேயில்லை. பாண்டையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது வாத்தியம் ஊதுகிறவர் யார் வந்தாலும், முதலில் அதை வாயில் வைத்துக் காட்டச் சொல்கிறேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, நோர்பரியில் ஒரு பூங்காவில் மத்தியான நேரத்துக் கொண்டாட்டம். பாண்டின் ஓரத்தில் கிளாரினெட்டோடு அண்ணை நின்றார். நழுவப் பார்த்தேன். அதற்குள் கண்டுவிட்டார்.

"தம்பி, இஞ்ச வாரும். ஒரு வருசமா அறையைப் பூட்டிக்கொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி முதல்ல இருந்து பழகினன்" என்றார். பிறகு எல்லோரும் பார்க்கப் பற்களைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, என் கையில் வைத்தார். "இதைக் கொஞ்சம் பிடியும். சாப்பிட நல்ல பல்லு. ஊதத்தான் உதவாது."

மேலுதட்டைப் பல்லில்லாத ஈறின்மேல் உள்ளே மடித்து, அதில் முனையை வைத்துக் கவ்வினார். முதல் சுரம் நடுங்கியது. அடுத்தது நின்றது. முன்பிருந்த கனம் இல்லை. ஆனாலும் பித்தளைகளுக்கு மேலே ஏறியது, வளைந்தது, இறங்கியது.

முடிந்ததும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. உள்ளங்கையில் நான் செய்த பற்கள் இருந்தன.