அளக்காத மீன்கள்

அலைத்தடுப்புச் சுவரில் தூண்டில் போடுகிறவர்கள் வாயைத் திறந்தால் மீன் ஒரு முழம் வளரும். நேற்று தப்பிய மீன் இன்றைக்கு இரண்டு முழம், அடுத்த வாரம் ஆள் உயரம். அப்பேர்ப்பட்ட இடத்தில் டெய்லர் ஒருவர் மட்டும் இருபத்தேழு வருடம் பொய் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே பெயர் ‘இஞ்ச் டேப்’.

வாரம் ஆறு நாளும் பள்ளிச் சீருடை தைப்பார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சுவருக்கு வரத் தொடங்கிய மூன்றாம் வருடம் ஒருமுறை, கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே சுவருக்கு வந்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பழக்கம். இத்தனை அங்குலத்துக்குக் குறைந்த கொடுவா மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. மற்றவர்கள் அதைக் கண்ணால் அளந்து பையில் போட்டுக்கொள்வார்கள். இவர் மீனை ஈரத்துணியில் கிடத்தி, மூக்கிலிருந்து வால்வரை டேப்பை ஓட்டி, பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதுவார். விட்டதும் எழுதுவார், வைத்துக்கொண்டதும் எழுதுவார்.

பக்கத்துக் கல் லாரிக்காரருடையது. வண்டி ஓட்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. மனைவி போன பிறகு, வாரத்தில் அவர் நாலு வார்த்தை பேசுவது அந்தக் காலை நேரத்தில்தான். நாலில் மூன்று புளுகு. எந்த மீனைச் சொன்னாலும் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய இரண்டு கைகளையும் அகல விரிப்பார்.

“அண்ணே, கைய உள்ள இழுங்க, ஆள் போக வழி வேணும்” என்பார் டெய்லர்.

“நீ அளந்து அளந்தே மீனச் சின்னதாக்கிட்ட தம்பி” என்பார் அவர்.

டெய்லர் எழுதாத மீன்களும் இருந்தன. சுவருக்கு வரத் தொடங்கிய முதல் வருடம், கை கொள்ளாத ஒரு கொடுவாவை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றைக் கீறியதும் இரண்டு கை நிறைய முட்டை சரிந்தது. அவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த மீனைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகு பெரியது மாட்டினால் டெய்லர் மேலே தூக்கவே மாட்டார். தண்ணீர் தொடும் கடைசிக் கல்வரை இறங்கி, மீன் தண்ணீரில் இருக்கும்போதே முள்ளைக் கழற்றி, அது மூச்சு வாங்கி நீந்தும்வரை வயிற்றைத் தாங்கிப் பிடித்திருப்பார். பாசியில் வழுக்காமலிருக்க லாரிக்காரர் பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்வார். வருடத்துக்கு ஐந்தோ ஆறோ இப்படிப் போகும். சட்ட அளவைத் தாண்டிய மீன் என்று பார்த்ததுமே தெரியும்போது டேப் எதற்கு? வெளியே சொல்லவும் மாட்டார். கையில் மீன் இல்லாமல் பெரிய மீனைப் பற்றிப் பேசினால் அந்தச் சுவரில் அதற்குப் பெயர் வேறு.

ஏழு மாதத்தில் வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளைதான் வளர்ந்து புள்ளியியல் படித்தாள். இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதல் பட்டதாரி. கடல் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. சுவரைச் சுற்றிய கடலை மீன்பிடிப்புக்கு மூடலாமா என்று அங்கே யோசித்துக்கொண்டிருந்தார்கள். படகு முதலாளிகளுக்குச் சங்கம் இருந்தது, சங்கத்துக்கு முடிவெடுக்கும் குழுவில் இரண்டு நாற்காலி இருந்தது. தூண்டில்காரர்களுக்கு எதுவும் இல்லை. மீன் கடிக்கும் இடத்தைப் பக்கத்துக் கல்லுக்கே சொல்லாதவர்கள் எங்கே சங்கம் வைப்பது?

மகள் பில் புத்தகங்களைக் கேட்டாள். டெய்லர் பதினோரு புத்தகங்களை லைனிங் துணியில் கட்டிக் கொடுத்தார். இப்படி ஒரு பதிவு யாரிடமும் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னதாக அவள் வந்து சொன்னபோது, அன்று முழுக்க மிஷினை மிதித்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். இனிமேல் தூண்டில்காரனையும் ஒரு ஆளாக மதிப்பார்கள் என்று நினைத்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மகள் போட்ட வரைபடம் திரையில் வந்தது. ஒரு மீனுக்கு ஒரு புள்ளி, நீளம் கூடக் கூடப் புள்ளி மேலே போகும். கீழே புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தன. ஒரு கோட்டுக்கு மேலே வெறும் வெள்ளை. பெரிய கொடுவா எல்லாமே பெண் மீன் என்றார் அதிகாரி. இருபத்தைந்து வருடப் பதிவில் ஒரு பெரிய மீன்கூட இல்லை, அதனால் முட்டையிடும் தாய் மீன் இங்கே மிச்சமில்லை, சுவரில் தூண்டிலுக்கு முழுத் தடை என்றார். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் படகுகள் எப்போதும்போல வலை விடலாம். அங்கிருந்து வந்த பதிவில் பெரிய மீன் இருந்தது.

திரையில் இருந்த அந்த வெள்ளை எது என்று மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். டெய்லர் எழுந்தார். பெரிய மீன்களைத் தான் அளக்காமலே திரும்பக் கடலில் விட்டுவிட்டதாகச் சொன்னார். பின்வரிசையில் யாரோ, “செத்த எருமைக்குத்தான் பால் அதிகம்” என்றார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்.

லாரிக்காரர் எழுந்து நின்றார்.

“நான் பாத்தேன் சார். இவர் காலரப் புடிச்சிட்டு நின்னதே நான்தான். ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு.”

இரண்டு கைகளையும் விரித்தார். பழகிய கை, போகிற தூரம்வரை போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மண்டபம் சிரித்தது. முதலில் சிரித்தவர்கள் சுவரிலிருந்து வந்தவர்களே. அதிகாரியும் சிரித்துவிட்டு, அடுத்தவர் பேசலாம் என்றார். மகள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு பக்கத்துக் கல் காலியாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. டெய்லர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். லாரிக்காரர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மகன் தன் ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். கதவோரம் பைகளைக் கட்டி வைத்திருந்தான்.

“கொஞ்சம் கம்மியா காட்டியிருக்கணும் தம்பி” என்றார், திரும்பாமலே.

“விடுங்கண்ணே. நான் அளந்திருக்கணும்.”

வரும்போது டெய்லர் அவருடைய சட்டைக் காலரை லேசாகத் தொட்டுவிட்டு வந்தார்.

கூடுதல் பதிவுகள் கொடுக்க முப்பது நாள் அவகாசம் இருந்தது. மகள் படிவம் கொண்டுவந்தாள்.

“ஞாபகம் இருக்கறத எழுதுங்கப்பா. தேதி தோராயமா இருந்தா போதும். நீளம் மட்டும் வேணும்.”

“நீ என்னம்மா நெனைக்கிற? மூடுறது தப்பா?”

மீன் குறைந்திருப்பது உண்மைதான், அது புள்ளிகளிலும் இருக்கிறது என்றாள். பிறகு, “நான் வெள்ளையா இருக்கற எடத்தப் பாத்து, அங்க ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டேன்பா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கணும்னே தோணல” என்றாள்.

மறுநாள் காலை டெய்லர் கடையில் வெட்டுமேசையைத் துடைத்துவிட்டு நின்றார். கடைசியாக விட்ட மீனை நினைத்துக்கொண்டு, மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். சாக்குக்கட்டியால் இரண்டு பக்கமும் கோடு கிழித்து டேப்பை ஓட்டினார். முப்பத்தெட்டு அங்குலம். எழுதப் போனவர் சந்தேகப்பட்டு, கண்ணை மூடி இன்னொருமுறை கையை வைத்தார். நாற்பத்தொன்று. மூன்றாவது முறை நாற்பத்து நாலு.

மூன்று ஜோடிக் கோடுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். மீன் ஒன்றுதான். அதன் வயிறு உள்ளங்கையில் துடித்தது இப்போதும் நினைவிருக்கிறது. நீளம்தான் இல்லை.

சாயங்காலம் மகள் வந்து படிவத்தைக் கேட்டாள். வெற்றுத்தாளாகவே நீட்டினார். “அளக்காதத எப்படிம்மா எழுதுறது” என்றார். அவள் மேசையில் கிடந்த கோடுகளைப் பார்த்தாள். டேப்பை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

முப்பத்தோராம் நாள் சுவரில் பலகை நட்டார்கள். உட்காரலாம், நடக்கலாம், தூண்டில் மட்டும் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டெய்லர் கடை திறந்திருந்தது.