ஹார்ன் அடித்துவிட்டு இறங்கிப் போன அண்ணாச்சி

மதியம் சோற்றில் கை வைத்த நேரத்தில் புஜைராவிலிருந்து போன். ராஜாமணி அண்ணாச்சியோடு ஒரே ரூமில் இருந்த பாஷா பாய் பேசினார். "அண்ணாச்சி போயிட்டாரு தம்பி. குளிச்சிட்டு வந்து கட்டில்ல உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. கலாஸ், முடிஞ்சுபோச்சு." எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அடுத்த மாதம் என் மகள் நித்யா அமெரிக்காவில் கல்லூரியில் சேர வேண்டும். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அந்த ஊரைத் தேர்ந்து சொன்னது அண்ணாச்சி. கூடவே வந்து அவளை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னவரும் அவர்தான்.

துபாய் அல் குசைஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் இடத்தில் அவர் சேஃப்டி ஆபீசர். உள்ளே காற்று சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால்தான் தொட்டிக்குள் ஆள் இறங்கலாம். "பயப்படுததுக்குத்தாம்டே எனக்குச் சம்பளம்" என்பார். விருந்துக்கு வந்தாலும் அடுப்படிக்குப் போய் காஸ் குழாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார். மாலதிக்கு, அதாவது என் மனைவிக்கு, அதில் கொஞ்சம் கடுப்பு.

தங்கை அமெரிக்காவில் இருந்ததால் அவ்வப்போது லீவில் அங்கே போவார். பெரிய நகரங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். கூரை போட்ட மரப்பாலம் உள்ள வெர்மான்ட் ஊர், மெய்ன் கடற்கரையில் சிங்கி இறால் அவித்து விற்கும் ஊர், கொலராடோவில் சுரங்கத்தை மூடிய பிறகும் தெருவெல்லாம் பூத்தொட்டி தொங்கும் ஊர் என்று சுற்றுவார். "பெரிய ஊர்ல நம்மள ஒருத்தனும் பாக்க மாட்டான். சின்ன ஊர்ல எல்லாவனும் பாப்பான். அதுலதாம்டே ருசி இருக்கு." இந்தப் பேச்சில் மயங்கித்தான் ஒருமுறை நாங்களும் அவரோடு கிளம்பினோம்.

வெர்மான்ட் மலைப்பாதையில் மாலை மங்கும்போது மூடுபனி இறங்கியது. ஓமானின் சலாலா மலைப் பனியில் வண்டி ஓட்டிய தைரியமெல்லாம் அங்கே செல்லவில்லை. பத்து வயது நித்யாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் தீர்ந்திருந்தது. போனில் சிக்னல் மாஃபி, துளியும் இல்லை. கடைசியில் ஒரு ஊர் வந்தது: வெள்ளை மாதாகோவில், நாலைந்து வீடு, விளக்கெரிந்த ஒரு கடை. அண்ணாச்சி கடைவாசலில் காரை நிறுத்தி, நம் வழக்கப்படி ஹார்ன் அடித்தார். இங்கே கஃபெட்டீரியா வாசலில் ஹார்ன் அடித்தால் ஆள் ஓடிவந்து காரிலேயே டீ கொடுப்பான். காலமெல்லாம் வளைகுடாவில் கழித்தவருக்குக் கை தானாகவே போய்விட்டது. யாரும் வரவில்லை என்று இன்னொரு தடவை நீட்டி அடித்தார். மாடியில் விளக்கு எரிந்தது. ஒருவர் படியிறங்கி வந்தார். கையில் துப்பாக்கி.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க" என்றேன். மாலதி பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டாள். அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார். "ஹார்ன் அடிச்சது நான்லா. நாந்தான் இறங்கணும். பிள்ளைக்கு மருந்து கேக்கணும்." இறங்கி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி மெல்ல நடந்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. துப்பாக்கி தரையைப் பார்த்துத்தான் இருந்தது. அது எப்போது உயருமோ என்று நான் கண்ணெடுக்காமல் இருந்தேன்.

அந்த மனிதர் தன் பிக்கப் வண்டியில் ஏறினார். பின்னாலேயே வரச் சொன்னாராம். இருட்டுகிற காட்டுக்குள் அந்த வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போனோம். எங்கே கூட்டிப் போகிறான், யாரிடம் கூட்டிப் போகிறான் என்று என் மனம் கண்டதையும் நினைத்தது. ஒரு வளைவு தாண்டியதும் சின்னதாக ஒரு கிளினிக். அந்த மனிதர் கதவைத் தட்டி நர்சை எழுப்பிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். நித்யா மூச்சு சீராகி மாலதியின் தோளில் தூங்கினாள்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் நித்யாவிடம் சொன்னேன்: "நீ போக வேண்டாம்மா, இங்கேயே படி. அண்ணாச்சி கூட வர்றதா இருந்தது வேற விஷயம். அவரோட நெஞ்சழுத்தம் எனக்குக் கிடையாது."

"அங்கிள் செமையா பயந்தாங்கப்பா" என்றாள். "பின் சீட்ல இருந்து பாத்தேன். டோர் ஹேண்டில பிடிக்கவே முடியல, கை அவ்ளோ ஷேக் ஆச்சு. இன்னொரு கையால அந்தக் கையப் பிடிச்சுத்தான் ஓப்பன் பண்ணாங்க."

முன் சீட்டில், அவர் பக்கத்திலேயே இருந்த நான் அதைப் பார்க்கவில்லை.

பாஷா பாய் பேப்பர் வேலைக்கு அலைகிறார். தூத்துக்குடியில் அண்ணாச்சியின் வீட்டார் உடலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவரைத் தெரிந்த நீங்கள் ஆளுக்கொன்றாக அவருடைய சிரிப்பையோ கிண்டலையோ வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கை இருக்கட்டும். நேற்று எனக்கும் நித்யாவுக்குமாக டிக்கெட் போட்டேன். பணம் கட்டும் பொத்தானைத் தொடும்போது என் விரல் நடுங்கியது. பக்கத்தில் இருந்த நித்யா அதைப் பார்த்தாள்.